மரியாதையை மகன் எங்க படிச்சவன்?

வலிகாமப் பக்கம் இருந்து ஒரு அம்மா நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்கிறா. பேர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, மற்றாக்களுக்கு விளங்கத் தேவையானதை மட்டும் சுருக்கித் தாறன்.

மூத்தவனுக்கு ஒன்பது வயசு, நாலாம் ஆண்டு படிக்கிறான், அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப். இளையவளுக்கு அஞ்சு வயசு. கணவருக்கு ரவுணில கடை, இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் வீட்டை வருவார். மாமியும் இவையளோடதான் இருக்கிறா. மகன் படிப்பில நல்ல கெட்டி, பெரியாக்கள் வந்தா எழும்பி நிப்பான், அறநெறிப் பாடசாலையில அன்பைப் பற்றிப் பேசி முதல் பரிசும் எடுத்தவன். ஆனா ரியூஷனில கூடப் படிக்கிற ஒரு பெடியன் கொன்னிக் கொன்னிக் கதைக்கிறவன், அவனை மாதிரியே இவன் நளினம் பண்ணிக் காட்ட வகுப்பு முழுக்கச் சிரிச்சிருக்கு, அந்தப் பெடியன் ரெண்டு கிழமையா ரியூஷனுக்கே வரேல்லயாம், அவன்ர தாய் ஃபோன் எடுத்து அழுதிருக்கிறா. இதோட, வீட்டை வளவு கூட்டி உடுப்புத் தோய்க்க வாற அறுபது வயசு அம்மாவை "ஏய், இஞ்ச வா, இதை எடு" எண்டு கூப்பிடுறான். தங்கச்சி விழுந்தாச் சிரிக்கிறான். போன மாசம் றோட்டு நாய்க்குக் கல்லெறிஞ்சு, அது இப்ப நொண்டிக்கொண்டு திரியுதாம்.

அம்மா பூவரசந்தடியால அடிச்சுப் பாத்திருக்கிறா, கால்ல தழும்பு வந்திட்டுதாம். பிறகு யூடியூப்பில பாத்திட்டு சுவரில ஸ்டார் சார்ட் ஒண்டு ஒட்டி, ஒரு நல்ல காரியம் செய்தா இருபது ரூவா எண்டு குடுத்திருக்கிறா. இப்ப "தங்கச்சிக்குத் தண்ணி வாத்துக் குடு" எண்டாலும் "எவ்வளவு தருவியள்?" எண்டு கேக்கிறானாம். கணவர் "ஆம்பிளைப் பிள்ளை அப்பிடித்தான், வளர வளரச் சரியாயிடும்" எண்டுறார். மாமி "அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கிறது எங்களுக்கு மரியாதை இல்லை" எண்டுறா. இவவின்ர கேள்வி: மகனுக்கு ஏதும் மனநோயோ, டப்பில வீடியோ பாத்துத்தான் இப்பிடி ஆனவனோ, ஹொஸ்டல்ல விட்டாத் திருந்துவானோ, அந்தப் பெடியன்ர வீட்டை போய் மன்னிப்புக் கேக்கோணுமோ, நல்ல குணத்தை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?

தங்கச்சி, முதல்ல ஒண்டைச் சொல்லுறன், உங்கட மகன் செய்ததுகளை மறைக்காமல், அடிச்சதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறியள். கன பேர் என்னட்ட வரேக்க "மற்றப் பிள்ளையள்தான் என்ர பிள்ளையைக் கெடுத்துப் போட்டுதுகள்" எண்டுதான் தொடங்குவினம். நீங்கள் அந்தப் பெடியன்ர தாய் அழுததை எழுதேக்க உங்களுக்கும் அழுகை வந்தது எண்டு எழுதியிருக்கிறியள், அந்த மனசு வீட்டில இருக்கேக்க இந்தப் பிள்ளையைத் திருப்பி எடுக்கலாம், பயப்பிடாதேங்கோ.

ஆனா நீங்கள் நினைக்கிற ஒரு விசயம் பிழை. மகனுக்கு மரியாதை தெரியாது எண்டு எழுதியிருக்கிறியள். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. பெரியாக்கள் வந்தா எழும்பி நிக்கிற பிள்ளைக்கு மரியாதை எண்டா என்னெண்டு நல்லாவே தெரியும். அவன் படிச்சு வைச்சிருக்கிறது ஆருக்குக் குடுக்கிறது, ஆருக்குக் குடுக்கத் தேவையில்லை எண்ட கணக்கை. கனடாவில இருந்து வாற பெரியப்பாவுக்கு எழும்போணும், வளவு கூட்டுற அம்மாவுக்கு எழும்பத் தேவையில்லை. ரியூஷன் சேருக்குக் கை கட்டோணும், கொன்னுற பெடியனைப் பகிடி பண்ணினாப் பரவாயில்லை. இந்தக் கணக்கை ஒன்பது வயசுப் பிள்ளை தானாக் கண்டுபிடிக்கேல்ல, பெரியாக்களைப் பாத்துப் பிடிச்சது. பாத்துப் பிடிச்சதைப் பாத்தே மாத்தலாம், அதுதான் எனக்கு நம்பிக்கையா இருக்கு.

உங்கட கடிதத்தில ஒரு வரி, நீங்கள் போற போக்கில எழுதினது, "அவவுக்கு மாமி எப்பவும் போல பின்வாசல்ல கவிட்டு வைச்சிருக்கிற கப்பில தேத்தண்ணி ஊத்தப் போக, அப்பதான் இவன் ஏய் எண்டு கத்தினவன்" எண்டு. அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசிச்சனான். அறுபது வயசு மனிசி, காலமை ஏழு மணியில இருந்து வெயிலுக்குள்ள குனிஞ்சு நிண்டு கூட்டிப்போட்டு, பின்வாசல் படியில குந்தி இருந்து, அந்தப் படியை விட்டு உள்ளுக்கு வராத ஒரு கப்பில குடிக்கிறா, குடிச்சிட்டுத் தானே கழுவித் திருப்பிக் கவிட்டு வைக்கிறா. உங்கட மகன் பிறந்த நாள்ல இருந்து இதைப் பாக்கிறான். ஒருத்தரும் அவனைக் கூப்பிட்டு "இவவுக்கு மரியாதை குடுக்காத" எண்டு சொல்லேல்ல, சொல்லத் தேவையும் இருக்கேல்ல.

முதல்ல அந்தக் கப்

ஏன் அந்தக் கப் தனிய இருக்கு எண்டு நான் கேக்கேல்ல. மாமி "சுத்தத்துக்காக" எண்டு சொல்லுவா, இல்லாட்டி "எங்கட அம்மா காலத்தில இருந்து அப்பிடித்தான்" எண்டுவா. எங்கட ஊரில இதுக்குப் பின்னால என்ன இருக்கு எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். சாதியைக் காட்டிப் பொது இடத்தில ஒருத்தரைத் தள்ளி வைக்கிறது குற்றம் எண்டு 1957இலேயே சட்டம் வந்திட்டுது. வந்தும், அறுபதுகளில தேத்தண்ணிக் கடையில எல்லாரையும் போல இருந்து குடிக்கிறதுக்கும், 1968இல மாவிட்டபுரம் கோயிலுக்குள்ள போய்க் கும்பிடுறதுக்கும் எங்கட ஆக்களே எங்கட ஆக்களோட போராட வேண்டிக் கிடந்தது. கடைகளில தனிக் கிளாஸ் போயிட்டுது, வீட்டுப் பின்வாசலுக்கு ஒரு சட்டமும் வராது, அதை வீட்டுக்காரர்தான் மாத்தோணும்.

மாமியோட சண்டை பிடிக்காதேங்கோ. சண்டை பிடிச்சா மகன் அதையும் பாப்பான், மாமியும் இன்னும் இறுகிப் போவா. ஒரே மாதிரி ஆறு கப் வாங்குங்கோ. தேத்தண்ணியை நீங்களே ஊத்துங்கோ, எல்லாருக்கும் ஊத்துற நேரம் அவவுக்கும் ஊத்துங்கோ, விறாந்தையில கதிரையைக் காட்டி "இருந்து குடியுங்கோ அம்மா" எண்டு சொல்லுங்கோ. முதல் ரெண்டு மூண்டு நாள் அவவே இருக்க மாட்டா, கூச்சப்படுவா, கட்டாயப்படுத்தாதேங்கோ, ஆனா கதிரையை எடுக்கவும் வேண்டாம். நீங்கள் "நீ" எண்டு கூப்பிடுறதை "நீங்கள்" ஆக்குங்கோ, பேர் சொல்லிக் கூப்பிடுறதை விட்டிட்டு அம்மா எண்டோ அன்ரி எண்டோ ஒரு முறை வையுங்கோ, மகனும் மகளும் அந்த முறையைத்தான் பாவிக்கோணும். மகன் "ஏய்" எண்டு கூப்பிட்டா அந்த இடத்திலயே, கத்தாமல், "அப்பிடிக் கூப்பிட்டா அவ வர மாட்டா. உனக்குத் தண்ணி வேணுமெண்டா எழும்பிப் போய் வாத்துக் குடி" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுங்கோ, பிரசங்கம் வேண்டாம். சாப்பிட்ட கோப்பையைத் தான்தான் கழுவோணும், ஞாயிற்றுக்கிழமையில வளவின்ர ஒரு மூலையைத் தான் கூட்டோணும். தும்புத்தடியைப் பிடிச்சுக் கூட்டிப் பாத்த பிள்ளைக்கு அந்த அம்மாவின்ர நாரி நோ என்னெண்டு கொஞ்சமாவது தெரிய வரும்.

மாமிக்கு முதலே கணவரோட கதையுங்கோ, ஏன் எண்டா மாமி அவர் சொன்னாத்தான் கேப்பா. அவரிட்டயும் ஒண்டு சொல்லோணும். "ஆம்பிளைப் பிள்ளை அப்பிடித்தான்" எண்டது உண்மை இல்லை, பெடியங்களுக்கும் மற்றவையின்ர நோ விளங்கும், நாங்கள்தான் அஞ்சு வயசில இருந்தே "அழாத, பெட்டை மாதிரி" எண்டு சொல்லி அதை மூடி வைக்கிறம். சனிக்கிழமையில மகனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறவர் எண்டு எழுதியிருக்கிறியள். கடையில சாமான் தூக்கிற பெடியனை அவர் எப்பிடிக் கூப்பிடுறார், பிழை விட்டா என்ன சொல்லி ஏசுறார், அதை எல்லாம் மகன் கல்லாவுக்குப் பக்கத்தில இருந்து கேக்கிறான். அவர் கெட்ட மனிசன் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அந்த ஒரு நாள் பாடம் நீங்கள் கிழமை முழுக்கச் சொல்லுறதை விடப் பெருசு.

இருபது ரூவாயை நிப்பாட்டுறது

இதில உங்களைக் குறை சொல்ல ஏலாது, எல்லா வீடியோவிலயும் இதைத்தான் சொல்லுகினம். படுக்கை விரிக்கிறது, பல்லுத் தீட்டுறது மாதிரிப் பழக்கங்களுக்கு ஸ்டார் ஒட்டுறது கொஞ்ச நாளைக்கு உதவும். இரக்கத்துக்கு அது சரிவராது. ஜேர்மனியில லைப்சிக் நகரத்தில மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வார்னெக்கென், டொமசெல்லோ எண்ட ரெண்டு பேர் குழந்தையளை வைச்சு இதைப் பாத்தவை. பெரியாள் ஒருத்தர் ஒரு சாமானைக் கீழ விழுத்திப்போட்டு எடுக்க ஏலாமல் கையை நீட்டினா, ஒன்றரை வயசுப் பிள்ளை ஒருத்தரும் கேக்காமலே தத்தித் தத்திப் போய் எடுத்துக் குடுக்குது, இது 2006இல வந்தது. 2008இல வந்த ஆய்வில, இருபது மாசப் பிள்ளையளில சிலதுக்கு ஒவ்வொருக்கா உதவி செய்ததுக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் குடுத்தவை, சிலதுக்கு நல்லது எண்டு மட்டும் சொன்னவை, சிலதுக்கு ஒண்டுமே இல்லை. பிறகு பரிசை நிப்பாட்டிப் பாத்தா, சாமான் வாங்கின பிள்ளையள்தான் குறைய உதவி செய்ததுகள். அதாவது உதவுற மனசு பிள்ளையோட முதலே வருது, கூலி குடுக்க அது வேலை ஆகிப் போகுது.

அதால சார்ட்டைக் கழட்டுங்கோ. கோவத்தில கிழிக்காதேங்கோ, இருத்தி வைச்சு "இதைத் தொடங்கினது நான், இனி இந்த வீட்டில ஒருத்தருக்கொருத்தர் செய்யிறதுக்குக் காசு இல்லை, எனக்கும் ஒருத்தரும் காசு தாறேல்ல" எண்டு சொல்லுங்கோ. ரெண்டு கிழமை முரண்டு பிடிப்பான். தாங்கிக் கொள்ளுங்கோ. பிறகு எப்பவாவது தானாத் தங்கச்சியின்ர செருப்பைத் தேடி எடுத்துக் குடுத்தா, "கெட்டிக்காரன்" எண்டு அவனைப் புகழாமல் "பார், அவள் அழுறதை நிப்பாட்டிட்டாள்" எண்டு அவளைக் காட்டுங்கோ. அவள் விழேக்க சிரிக்கிறானே எண்டு கனக்க யோசிக்க வேண்டாம், அது இந்த வயசில கன பிள்ளையள் செய்யிறதுதான், போய்த் தூக்கி விடச் சொல்லுங்கோ, காணும்.

அடி

நீங்கள் அடிச்சது அவனுக்கு என்ன படிப்பிச்சது எண்டு பாருங்கோ: பலம் கூடின ஆள் பலம் குறைஞ்ச ஆளை நோகப் பண்ணலாம். அவன் அதே பாடத்தை நாயில செய்து பாத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில பிள்ளைக்கு அடிக்கக் கூடாது எண்டு கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கு, தாய் தகப்பனிட்டயும் பிள்ளைக்கு வன்முறையில இருந்து பாதுகாப்பு வேணும் எண்டு சொல்லுற சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல ஏற்றுக்கொண்டது, சிறுவருக்குக் கொடுமை செய்யிறது 1995இல இருந்து தண்டனைச் சட்டத்தில தனிக் குற்றம். உங்களைப் பயப்பிடுத்த இதைச் சொல்லேல்ல, தழும்பு வாற அளவுக்கு அடிக்கிறது "வீட்டு விசயம்" எண்டு நினைக்காதேங்கோ எண்டதுக்காகச் சொல்லுறன். தடியை எறிஞ்சிடுங்கோ.

அடிக்காட்டி என்ன செய்யிறது? செய்ததால மற்ற ஆளுக்கு என்ன நடந்தது எண்டதை அவன்ர வாயாலயே சொல்ல வைக்கிறது. மார்ட்டின் ஹொஃப்மன் எண்ட உளவியலாளர் 1960களில இருந்து இதைத்தான் எழுதிக்கொண்டு வந்தவர், அடிக்கும் அதிகாரத்துக்கும் பயந்து நடக்கிற பிள்ளையை விட, தன்ர செய்கை ஒருத்தரை எப்பிடி நோகப் பண்ணினது எண்டு விளங்கின பிள்ளையிட்டத்தான் மனச்சாட்சி வளருது எண்டு. நாய் விசயத்தில, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு சட்டியில சோறும் தண்ணியும் கொண்டுபோய் படலைக்கு வெளியில வைக்கிறது அவன்ர பொறுப்பு எண்டு குடுங்கோ. காயப்பட்ட நாய் கடிக்கும், கிட்டப் போய்த் தொட விடாதேங்கோ, வைச்சிட்டுத் தள்ளி நிண்டு பாக்கட்டும். தப்பித் தவறிக் கடிச்சாலோ நகம் பட்டாலோ உடன சவுக்காரம் போட்டுப் பதினஞ்சு நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

அந்தப் பெடியன்ர வீட்டை போறது

இதைத்தான் நீங்கள் முக்கியமாக் கேட்டனீங்கள். போகத்தான் வேணும், ஆனா நாளைக்கே மகன்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் "சொறி சொல்லடா" எண்டு நிப்பாட்டாதேங்கோ. அப்பிடிச் சொல்லுற சொறியில அவன் வெக்கப்படுறதும் கோவப்படுறதும்தான் இருக்கும், அந்தக் கோவம் திரும்பவும் அந்தப் பிள்ளையிலதான் போய் விழும்.

போக முதல் ஒருநாள் ஆறுதலா இருந்து மகனோட கதையுங்கோ. ஏன் செய்தனி எண்டு கேக்காதேங்கோ, "சும்மா" எண்டுதான் சொல்லுவான். "நீ அவனை மாதிரிக் கதைச்சுக் காட்டேக்க அவன் எங்க பாத்துக்கொண்டு இருந்தவன்?" எண்டு கேளுங்கோ. யோசிப்பான். "கீழ பாத்தவன்" எண்டுவான், இல்லாட்டி "கொப்பியைப் பாத்தவன்" எண்டுவான். "அவன் சிரிச்சவனோ?" "வகுப்பு முடிய ஆரோட போனவன்?" இப்பிடி ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டு போங்கோ, இடையில நீங்கள் பதில் சொல்லிக் குடுக்காதேங்கோ. பிறகு கொன்னிறதைப் பற்றி அவனுக்குச் சொல்லிக் குடுங்கோ: அது பயத்தால வாறதில்லை, மூளை குறைஞ்சதாலயும் இல்லை, பெரியாக்களில நூறு பேரில ஒருத்தருக்கு இருக்கு, சின்னப் பிள்ளையளில இன்னும் கூட. அவன் ஒரு சொல்லில தடக்குப்படேக்க நாங்கள் அந்தச் சொல்லை எடுத்துக் குடுக்கிறதோ "ஆறுதலாச் சொல்லு" எண்டுறதோ உதவி இல்லை, முகத்தைப் பாத்துக்கொண்டு அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் இருக்கிறதுதான் உதவி. இது ஒன்பது வயசுக்கு நல்லா விளங்கும்.

இன்னொண்டும் இருக்கு, இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரேல்ல. அந்தப் பெடியன் போன தவணைச் சோதினையில உங்கட மகனை விடப் பத்து மார்க்ஸ் கூட எடுத்தவன் எண்டும், "கொன்னிக்கொண்டே அவன் எடுக்கிறான், உனக்கு என்ன குறை" எண்டு நீங்கள் ஏசினனீங்கள் எண்டும் எழுதியிருக்கிறியள். நளினம் அதுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கு. அந்தப் பிள்ளையின்ர கொன்னலை உங்கட மகனுக்கு முதல்ல ஒரு குறையாக் காட்டினது அந்த வசனம்தான், அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் போனதும் அதாலதான். ரியூஷனால வந்த உடன கேக்கிற முதல் கேள்வி "எத்தினை மார்க்ஸ், ஆர் கூட?" எண்டு இருந்தா, பிள்ளைக்கு வகுப்பில இருக்கிற எல்லாரும் எதிரிதான். அமெரிக்காவில ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில 2014இல வெளியிட்ட அறிக்கை ஒண்டில, 33 பள்ளிக்கூடத்தில பத்தாயிரம் பிள்ளையளிட்டக் கேட்டுப் பாத்ததில, கிட்டத்தட்ட 80 வீதமான பிள்ளையள் மற்றவைக்கு அன்பா இருக்கிறதை விடத் தங்கட வெற்றியோ சந்தோசமோதான் முக்கியம் எண்டு சொல்லியிருக்கினம். தாய் தகப்பனுக்கும் நல்ல மார்க்ஸ் எடுக்கிறதுதான் கூடப் பெருமை எண்டு நினைச்ச பிள்ளையளும் கனக்க. ஸ்கொலர்ஷிப் வருசத்தில யாழ்ப்பாணத்தில கேட்டிருந்தா என்ன வந்திருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். மார்க்ஸைக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ரெண்டாவதாக் கேளுங்கோ. முதல்ல "இண்டைக்கு ஆரோட இருந்தனி?" எண்டு கேளுங்கோ. ஏசினது பிழை எண்டு அவனிட்ட நீங்களே சொல்லுங்கோ, மன்னிப்புக் கேக்கிறது எப்பிடி எண்டு அவன் அப்பதான் பாப்பான்.

அதுக்குப் பிறகு அந்தத் தாய்க்கு நீங்கள் தனிய ஃபோன் எடுங்கோ. சமாளிக்க வேண்டாம், "விளையாட்டுக்குச் செய்தவன்" எண்டு ஒரு சொல்லும் வரக்கூடாது. "என்ர மகன் உங்கட பிள்ளைக்குச் செய்தது பிழை, நாங்கள் வந்து சொல்ல விரும்புறம், உங்கட மகனுக்கு விருப்பமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டா வேண்டாம்தான், எங்கட மனச்சுமையை இறக்க அவனைத் திரும்பவும் கூனிக் குறுக வைக்கக் கூடாது. அப்ப ஒரு சின்னக் கடிதம் எழுதிக் குடுக்கட்டும், மகன்ர சொந்த வசனத்தில, எழுத்துப் பிழையோட. சந்திக்க ஓம் எண்டா போங்கோ, கணவரும் வந்தா இன்னும் நல்லது. மாமி மரியாதை இல்லை எண்டா "மாமி, அந்தப் பிள்ளை எங்களால படிப்பை விட்டிட்டு இருக்கு" எண்டு மட்டும் சொல்லுங்கோ, வாதாடாதேங்கோ.

மன்னிப்போட இது முடியாது. சிரிச்சது முழு வகுப்பும். அதால ரியூஷன் சேருக்கு நடந்ததைச் சொல்லுங்கோ, இவன் தன்ர கூட்டாளியளிட்ட "இனி அவனைப் பகிடி பண்ண வேண்டாம்" எண்டு தன்ர வாயாலயே சொல்லோணும். மன்னிப்பை விட அதுதான் அவனுக்குக் கஷ்டமா இருக்கும். வீட்டில நிண்டு ரெண்டு தரம் சொல்லிப் பழக்கி விடுங்கோ.

ஹொஸ்டல் வேண்டாம். இந்த நேரம் வீட்டை விட்டு அனுப்பினா, தான் கெட்ட பிள்ளை எண்டதால தள்ளி விட்டினம் எண்டுதான் அவன் எடுப்பான், அங்க பெரிய பெடியங்களிட்ட என்ன படிப்பான் எண்டதும் உங்கட கையில இல்லை. டப்பை ஒரு மணித்தியாலமாக் குறைக்கலாம், பகிடி வீடியோக்கள் பாக்கேக்க பக்கத்தில இருங்கோ, ஆனா காரணம் அது மட்டும் எண்டு நம்பாதேங்கோ.

மனநோய் எண்டு நீங்கள் எழுதினதை வைச்சுச் சொல்ல ஏலாது, எனக்கு அப்பிடித் தெரியவும் இல்லை. ஆனா மிருகங்களைத் திரும்பத் திரும்ப நோகப் பண்ணி அதில சந்தோசப்பட்டாலோ, நெருப்பு வைச்சாலோ, இரவில சத்தம் போட்டு எழும்பினாலோ, திரும்பப் படுக்கையில சலம் போகத் தொடங்கினாலோ, ரியூஷன் எண்டாலே வயித்துக்குத்து எண்டாலோ, அவனுக்கும் ஆரோ எங்கயோ ஏதும் செய்யினம் எண்டு சந்தேகப்படுங்கோ, பகிடி பண்ணுற பிள்ளையே இன்னொரு இடத்தில பகிடிக்கும் அடிக்கும் ஆளாகிற பிள்ளையாயும் இருக்கும். அப்பிடி ஏதும் எண்டா யாழ். போதனா வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசில்லை. பிள்ளைக்கு ஆரும் தீங்கு செய்யினம் எண்டா 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம். உங்களுக்கே தாங்க ஏலாமல் இருந்தா 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கோ.

ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப எழுதுங்கோ. அந்தப் பெடியன் ரியூஷனுக்கு வரத் தொடங்கினவனோ எண்டதை முதல்ல எழுதுங்கோ, உங்கட மகன்ர விசயத்தை அதுக்குப் பிறகு எழுதலாம்.